கடைசி வரியிலிருந்து படித்த கடிதங்கள்

இப்போது பள்ளி விடுதியைப் பார்த்துக்கொள்கிற நீங்கள் நாலு பேரும் போன மாதம் சங்கரன்கோவிலுக்கு வந்து சங்கரநாராயணரைக் கும்பிட்டுவிட்டு, கையில் புற்றுமண் பிரசாதப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் உங்களில் இளையவள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகவே கேட்டது. "மேடம், புதுப் பிள்ளைங்க அழுதுக்கிட்டே பேசுற வாய்ஸ் மெசேஜை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடலாமா? இல்ல, பிள்ளை நல்லா இருக்குன்னு நாமளே வாட்ஸப்ல போட்டுட்டாப் போதுமா?" என்றாள். நான் காது மந்தமானவள் மாதிரி எழுந்து போய்க் காபி கலந்தேன். உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தபிறகு என் மீதே எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடம் அந்த மலைப்பள்ளியில் விடுதிக் காப்பாளராக இருந்துவிட்டு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால் நான் பார்த்த வேலைக்கு என்ன அர்த்தம்? அதனால் எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து விழா மலருக்கென்று ஒரு வரலாற்றுக் கட்டுரையும் கேட்டிருக்கிறார்கள். துரைமார் குதிரையில் வந்து இடம் பார்த்தது, கருங்கல்லில் கட்டடம் எழுப்பியது, மணி கப்பலில் வந்து இறங்கியது எல்லாம் வாசல் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதையே திருப்பி எழுத நான் எதற்கு? கல்வெட்டில் இல்லாத ஒரு வரலாறு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கடித நேரத்தின் வரலாறு அது. அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

நம் பள்ளி தோட்டத் துரைமாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. தாய்தகப்பன் ஏதோ ஒரு எஸ்டேட்டில் இருப்பார்கள், இல்லையென்றால் கப்பலேறி அவர்கள் நாட்டுக்கே போயிருப்பார்கள். பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுது எழுதும் கடிதம் அங்கே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பிள்ளை அழுகையை மறந்து மரத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே தாய் அழ ஆரம்பிப்பாள். அதனால் அந்தக் காலத்து மேட்ரன்கள் ஒரு விதி செய்தார்கள். பிள்ளைகள் கடிதத்தை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், காப்பாளர் படிப்பார், புதுப் பிள்ளை "என்னைக் கூட்டிப் போங்கள்" என்று எழுதியிருந்தால் முதல் விடுமுறை வரை அது மேசை இழுப்பறையில் இருக்கும். அதற்குப் பதில், பிள்ளை நலம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை ஒன்று வீட்டுக்குப் போகும். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்துக்கு அது புத்திசாலித்தனம்தான்.

துரைமார் போனார்கள். விதி போகவில்லை. ராஜபாளையத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், இரண்டே நாளில் தபால் போகிற தூரம், ஆனாலும் இழுப்பறை அப்படியே இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. என்னிடம் சாவியைக் கொடுத்தவர் கூடவே ஒரு தொழில் ரகசியத்தையும் கொடுத்தார். "நூத்தி இருபது கடிதம், ஒரு மணி நேரம். மேலேருந்து படிச்சா மத்தியானச் சாப்பாடு கிடைக்காது. கீழேருந்து படி. பிள்ளைங்க அழுகையைக் கடைசி வரியிலதான் வைக்கும்." சத்தியமான வார்த்தை. ஒரு வருடத்தில் நான் அதில் கைதேர்ந்துவிட்டேன். காகிதத்தைப் பிரிப்பேன், அடிவரியைப் பார்ப்பேன், "கூட்டிட்டுப் போங்க" இருந்தால் இடது பக்கம், இல்லையென்றால் வலது பக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். சோற்றுக்கு அது சரி.

என் இரண்டாவது வருடத்தில் நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். அவளுக்குக் கோமதி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் தெருவுக்கு நாலு கோமதி உண்டு, யாரென்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். தகப்பனாருக்குக் கொஞ்சம் நிலமும் ஆடுகளும். நம் பள்ளியில் கீழே சமவெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கென்று இருந்த சில இலவச இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த வீட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் தாய். அவள்தான் விண்ணப்பம் எழுதி, பரீட்சைக்குக் கூட்டிவந்து, பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போனாள். சேர்க்க வந்த அன்றே அந்த அம்மாளுக்கு இருமல் இருந்தது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சுடுதண்ணீர் கொடுத்தேன்.

கோமதி அழுகிற பிள்ளை இல்லை. வரிசையில் முதலில் நிற்பாள், கம்பளியை மடிப்பு மாறாமல் மடிப்பாள். என் பேச்சைக் கேட்டதும் நான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மிஸ், நீங்க சங்கரன்கோவிலா?" என்று கேட்டாள். அதிலிருந்து நான் அவளோடு ஊர்ப்பேச்சுத்தான் பேசினேன். ஜூலையில் மூன்று ஞாயிறு. மூன்று கடிதம் எழுதினாள். மூன்றிலும் அடிவரி ஒன்றுதான். மூன்றும் இடது பக்கம் போயின. எனக்கு இதில் ஆச்சரியம்கூட இல்லை. எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையும் முதல் மாதம் அப்படித்தான் எழுதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தபால் கொடுப்போம் அல்லவா? அவள் வந்து மேசை ஓரத்தில் நிற்பாள்.

"மிஸ், எங்கம்மா பதில் போடலியா?"

"வரும் மக்கா. தபாலு மலையேறி வரணும்லா?"

இதைத் தினமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். எனக்கு அப்போது கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்கிறவன் ஒருநாள் திருந்துவான். நான் அதை வேலை என்று நினைத்துச் செய்தேன்.

ஆடி பிறந்து, எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் தகப்பனார் வந்தார். வெறும் வேட்டி சட்டை, காதைச் சுற்றித் துண்டு. குளிரில் தாடை தந்தியடித்தது. பார்வையாளர் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். மடியிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். நான் அனுப்பிய அதே அட்டைகள்.

"டீச்சர், இதுல புள்ள எழுத்து இல்லியாமே. அவ அம்மா சொல்லுதா. எனக்கு எழுத்துத் தெரியாது, வீட்டுல அவதான் படிக்கிற ஆளு. புள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, அதான் இவுங்க இங்கிலீஷ்ல எழுதி மறைக்காங்கன்னு தெனமும் அழுதுக்கிட்டுக் கெடக்கா."

"கெடக்கா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. நெஞ்சுல நீர் கோத்துட்டுங்காங்க. மூச்சு விட முடியல." டீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. "புள்ளையக் கூட்டியாராதீங்க, எலவச எடம் போயிரும், படிப்பு கெட்டுரும்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்பிச்சா. நான் கூட்டிட்டுப் போக வரல. அவ கையால ஒரு காயிதம் எழுதித் தரச் சொல்லுங்க, போதும். அதக் கொண்டுபோய்க் காட்டணும்."

என் மேசைக்கும் அந்த அறைக்கும் பத்தடி தூரம். இழுப்பறையில் மூன்று கடிதம் இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று எழுதவைத்து அனுப்பியிருக்கலாம். அவர் மனநிறைவோடு போயிருப்பார். ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த யோசனை எனக்கு வந்தது, ஒரு நிமிடம் தங்கவும் செய்தது. அப்புறம் ஏனோ எழுந்துபோய் மூன்றையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "எழுதியிருக்கா அண்ணாச்சி. நான்தான் அனுப்பல. பள்ளிக்கூடத்துச் சட்டம்" என்றேன். சட்டம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதங்களைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "படிங்க டீச்சர்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதங்களில் கடைசி வரியைத் தவிர வேறு எதையும் நான் படித்ததே இல்லை.

முதல் கடிதம் சாதாரணமாக இருந்தது. "அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்க குளிருது. ரெண்டு கம்பளி தந்திருக்காங்க. சோத்துல ஒறப்பே இல்ல. ராத்திரி நீ இருமுதது கேக்காம தூக்கம் வரல. அப்பாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அவர் தலையாட்டினார். இரண்டாவதை எடுத்தேன்.

"அம்மா, ஏன் பதில் போடல? இருமல் நின்னுட்டா? நெஞ்சுல தைலம் தேச்சுவிட அங்க ஆள் கிடையாது. அப்பாவுக்குத் தேய்க்கத் தெரியாது, ஆட்டுக்கு மருந்து போடுத மாதிரி தேப்பாங்க, உனக்கு நோகும். நான் வந்து நாலு நாள் தேச்சுவிட்டுட்டுத் திரும்பி வந்துருதேன். இங்க எனக்குப் பிடிச்சிருக்கு. என்னக் கூட்டிட்டுப் போங்க."

"ஆட்டுக்குன்னு என்னமோ வந்திச்சே, அத இன்னொரு மட்டம் படிங்க" என்றார். படித்தேன். சிரித்தார். "எனக்குத் தேய்க்கத் தெரியாதாம்!" கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் அழுகிறாள் என்று நான் எந்தக் கடிதத்தை நிறுத்தினேனோ, அதிலேயே பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்று அவள் எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது கடிதம் அவருக்கே எழுதப்பட்டிருந்தது.

"அப்பாவுக்கு. இத அம்மாகிட்டக் குடுக்காதீங்க, வேற யார்கிட்டயாவது குடுத்துப் படிங்க. எனக்குப் படிப்பு வரணும்னு அம்மா ஆடிச்சுத்து நூத்தியெட்டு சுத்துததா நேந்திருக்கா. அவளச் சுத்த விடாதீங்க. நாலு தெரு நடந்தாலே அவளுக்கு எளைக்கி. அந்த நேர்ச்சைய நான் பெரியவளாயிச் சுத்துதேன்னு சாமிகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்க மாட்டா. நான் சொன்னாக் கேப்பா. அதுக்குத்தான் என்னக் கூட்டிட்டுப் போங்க."

தபசுக்குக் கொடியேறினதிலிருந்து எங்கள் ஊரில் பெண்கள் கோவிலை வலம்வந்து ஆடிச்சுற்று சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெயிலில் சூடேறிய கல்தளம், எத்தனையாவது சுற்று என்று மறந்துவிடாமல் கையில் ஒரு கணக்கு, நடுவில் நின்றால் நேர்ச்சை குறை என்ற பயம். அந்த மலையில் வேறு எந்தக் காப்பாளர் படித்திருந்தாலும் அது என்னவென்றே புரிந்திருக்காது. எனக்குப் புரிந்திருக்கும். மேலே ஆறு வரி படித்திருந்தால் போதும்.

அவர் என் கையிலிருந்து மூன்றாவது கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "சுத்திட்டாளே டீச்சர்" என்றார். "காச்சலோட சுத்துனா. மூணாம் நாளு, அறுபத்தி மூணாவது சுத்துல விழுந்தா. அங்கனருந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடிதங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மடியில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. அடிவாரத்துக்குப் போகிற பஸ் ஒரு மணிக்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான். தலைமையாசிரியை ஒரு கூட்டத்துக்காக மதுரை போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் முதல் பருவத்தில் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்ட முடியாது. அதிலும் இலவச இடத்துப் பிள்ளையைப் பெற்றோர் நடுவில் கூட்டிப்போனால் இடம் ரத்து. அந்தத் தாய் பயந்தது வீண் பயம் இல்லை. மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். எடுத்தவர், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆபீஸ் கிளார்க் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசாம நாளைக்கு மேடம் வந்ததும் அனுப்பலாமே மிஸ்" என்றார். "ஒரு நாள்தானே?"

ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் அந்த அம்மாளுக்கு இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை, நானும் உங்களுக்குச் சூத்திரம் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் பார்த்தது இரண்டே விஷயம்தான். தவறினால் எதைத் திருப்பி வாங்கலாம், எதை வாங்க முடியாது? என் வேலை போனால் ஊரில் அப்பாவின் தறி இருக்கிறது. பிள்ளையின் இடம் போனால் சண்டை போட்டுப் பார்க்கலாம். தாயைப் பார்க்காமலே போய்விட்டால் அதற்கு மாற்று இல்லை. வெளியேறும் பதிவேட்டில், "காரணம்" என்ற இடத்தில் வழக்கமாகப் பெற்றோர் வேண்டுகோள் என்று எழுதுவோம். நான், "காப்பாளர் தம் பொறுப்பில் அனுப்புகிறார், பெற்றோர் கேட்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குற்றம் யார் பேரில் என்று காகிதத்தில் தெளிவாக இருந்தால், அது பிள்ளையின் பேரில் விழாது.

கோமதியை வகுப்பிலிருந்து கூப்பிட்டேன். தகப்பனைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "காயிதம் கெடச்சிச்சாப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "கெடச்சிச்சு மக்கா. எல்லாத்தையும் படிச்சாச்சு. வா, அம்மாவப் பாக்கப் போவோம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் என்னைக் காப்பாற்றினார். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் சால்வையை அவருக்குப் போர்த்தி, பஸ் நிற்கும் வளைவு வரை கூடப் போனேன், அவ்வளவு தைரியம்தான் எனக்கு அன்று இருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை வந்தார். கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பூனைகூட வரிசையில் நிற்கும் என்பார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அடிவரிப் படிப்பு உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டுத் தட்டச்சுப் பொறியில் தானே ஒரு மெமோ அடித்து என் கையில் கொடுத்தார். அனுமதியின்றிப் பிள்ளையை அனுப்பியதற்கு விளக்கம் கேட்டு. பிறகு பதிவேட்டைத் திறந்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். "மெமோ உங்களுக்கு. இது அந்தப் பிள்ளைக்கு. அவ இடம் எங்கேயும் போகாது" என்றார்.

அதோடு விடவில்லை. பழைய ஆபீஸ் அறையில் இருந்த மர அலமாரியின் சாவியைக் கொடுத்தார். உள்ளே நாடாவால் கட்டிய கட்டுகள். நிறுத்திவைத்த கடிதங்கள். பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து எல்லாம் அங்கேதான் இருந்தன. அனுப்பவும் இல்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. "ஒரு வாரம் டைம். எல்லாத்தையும் படிங்க. மேலேருந்து" என்றார். தண்டனை என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார் என்று.

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உருண்டையான கையெழுத்து. ஒருவன் தன் காதுவலியைப் பற்றி எழுதியிருந்தான். இன்னொருத்தி, எஸ்டேட்டில் விட்டுவந்த ஆயாவின் கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டிருந்தாள். தங்கை பிறந்துவிட்டாளா, பெயர் வைக்கும்போது என்னைக் கேட்பீர்களா என்று ஒரு பையன். எல்லாவற்றிலும் கடைசி வரிக்குக் கீழே மட்டும் நீலப் பென்சில் கோடு. வேறு எங்கும் பென்சில் பட்ட அடையாளம் இல்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட தொழில் ரகசியம் எத்தனை பழையது என்று அப்போது தெரிந்தது. நம் பள்ளியின் வரலாற்றை நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பினால் கல்வெட்டைப் பார்க்க வேண்டாம், அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகள் கடிதத்தை ஒட்டியே கொடுக்கலாம் என்று தலைமையாசிரியை நிர்வாகத்தோடு போராடி மாற்றினார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது. மெமோவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோமதியின் தாய் அதன்பிறகு ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். ஒன்பது நாளும் பிள்ளை பக்கத்திலேயே இருந்தாள். மூன்று கடிதத்தையும் அவளே தாய்க்குப் படித்துக்காட்டினாள் என்றும், ஆட்டு மருந்து வரியில் அந்த அம்மாள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார் என்றும் தகப்பனார் பிறகு சொன்னார். நோய் பழையது, சுற்றியதால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னாராம். சில நாள் அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். சில நாள் தேறாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவரே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். தாயின் கட்டளையாம், படிப்பு நிற்கக் கூடாது என்று. இந்த முறை நான் கோழையாக இருக்கவில்லை. அவளை உட்காரவைத்து, கடிதங்களை நிறுத்தியது நான்தான் என்றும், முழுக்கப் படிக்காமலே நிறுத்தினேன் என்றும், தபால் வரும் வரும் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து தன் கட்டிலுக்குப் போய்விட்டாள். அழவும் இல்லை, ஏனென்று கேட்கவும் இல்லை.

தகப்பனார் கிளம்பும்போது வாசலில் நின்றார். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். வீட்டுல இனிமே படிக்க ஆளு இல்ல. ஊருல எவன்கிட்டயாவது குடுத்தா அவன் ஊருக்கே படிச்சிருவான். புள்ள எழுதுதத நீங்களே படிச்சு எனக்குப் போன்ல சொல்லுவீங்களா? கடையில போன் இருக்கு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நான் அங்கன வந்து இருப்பேன்."

யோசித்துப் பாருங்கள். என்னிடம் போய்க் கேட்கிறார். சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு கோமதி கடிதம் எழுதவில்லை. வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வற்புறுத்தவில்லை, எந்த முகத்தோடு வற்புறுத்த? ஆனால் பத்து மணிக்குக் கடைக்குப் போன் போட்டேன். என்ன சாப்பிட்டாள், யாரோடு விளையாடினாள், கணக்கில் எப்படி என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். "காயிதம் உண்டா?" என்பார். "இன்னும் இல்ல அண்ணாச்சி" என்பேன். "சரி, வரும்போது வரட்டும்" என்று வைத்துவிடுவார். இப்படி நாலு ஞாயிறு. அந்த நாலு போனும் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஐந்தாவது ஞாயிறு அவள் எழுதினாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் போனபிறகு கடைசியாக வந்து, இரண்டு பக்கமும் நிறைந்த தாளை என் மேசையில் வைத்தாள். போகவில்லை. நான் படித்து முடிக்கும்வரை மேசை ஓரத்திலேயே நின்று என் கண் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தேன். பிறகு அவள் முன்னாலேயே போனை எடுத்தேன்.

மறுமுனையில் கடைச் சத்தம், யாரோ சர்பத் கேட்கிற குரல். நான் படித்தேன். தாய் இல்லாத வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். எழுதியிருந்தது என்ன என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தம், இங்கே வேண்டாம். படித்து முடித்தேன். வேறு போன் வரும், சீக்கிரம் முடியுங்கள் என்று கடைக்காரர் பக்கத்தில் சொல்வது கேட்டது.

"பதில் ஒண்ணு எழுதிக்கிடுங்க டீச்சர்" என்றார் தகப்பனார். பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் பேச்சை மாற்றாமல் அப்படியே எழுதி, கோமதி கையில் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மக்கா, அழுக வந்தா அழுதே எழுது. சந்தோசம்னா அதையும் எழுது. டீச்சர் ஒரு வரி விடாமப் படிச்சுச் சொல்லுதாங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."